செத்தவர்களை இரவல் கேட்டேன்

பழைய போட்டோ சேகரிக்கும் வேலை என்பது, ஊரார் வீட்டுச் செத்தவர்களை இரவல் கேட்டு வாங்கும் வேலை. காபிப்பொடி இரவல் கேட்டால் முகம் சுளிக்காமல் தரும் மகராசிகள்கூட, மாமியார் போட்டோவைக் கேட்டால் கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அதே மாமியாரை இரவலாக என்ன, இனாமாகவே கொடுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நல்ல எண்ணத்தோடு ஒரே ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டு, அதை ரத்து செய்ய வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். மின்சார இணைப்புக்கோ, ரேஷன் கார்டுக்கோ, எதற்கோ. நான் அலைந்தது ஒரு போட்டோவுக்காக. உட்காருங்கள், சொல்கிறேன்.

வேலை கிடைத்த விதம்

எண்பதுகளின் கடைசியில், சென்னையில் தலைமையிடம் உள்ள ஒரு அறக்கட்டளை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, ‘வட்டாரப் பண்பாட்டுக் காப்பகம்’ என்று போர்டு மாட்டியது. சுற்றுப்பட்டு ஊர்களில் பழைய போட்டோக்களைத் திரட்டி, பதிவேட்டில் ஏற்றி, கண்காட்சி வைப்பது திட்டம். பொறுப்பாளராக வந்தவர் தியாகராஜன் என்ற சென்னைக்காரர். எங்கள் ஊர் வெயில் தன்னை அவமதிப்பதற்காகவே அடிக்கிறது என்று நம்பியவர். பதிவேடு எழுத, படங்களுக்குக் கீழே விளக்கச் சீட்டு எழுத, நல்ல கையெழுத்து உள்ள ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

நான் பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவள். கையெழுத்து கோணினால் முட்டியில் ஸ்கேலால் போடுகிற சிஸ்டரிடம் பயின்ற எழுத்து என்னுடையது. அதன்பிறகு இருபது வருஷம் ராஜபாளையத்தில் மளிகைச் சிட்டையும் வண்ணான் கணக்கும் எழுதி அதை வீணடித்திருந்தேன். தியாகராஜன் ஒரு தாளை நீட்டி எழுதச் சொன்னார். இரண்டு வரி எழுதினேன். “பிரிண்ட் மாதிரி இருக்கு மேடம்” என்றார். அந்த வார்த்தையில் விழுந்தேன். மறுநாளே ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்க்கும் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்ன வாழ்த்து இது: “நம்ம கல்யாண ஆல்பத்தையே கரையான் தின்னுட்டு. நீ ஊரு ஆல்பத்தைக் காப்பாத்தப் போறியாக்கும்!”

பங்குக்கு வந்த கை

ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீடு. “கூர்ச்சோண்டி” என்று தெலுங்கில் உபசரித்து நாற்காலி போட்டு, காபி கொடுத்து, அரை மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் அந்த வீட்டம்மா போட்டோவை எடுத்தார். அருமையான படம். பஞ்சு ஆலைக் கொட்டகைக்கு முன்னால், கோட்டும் தலைப்பாகையுமாக அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்கிறார்கள். வரிசையின் நடுவில் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு ஓட்டை. கத்தரியால் சுத்தமாக வெட்டி எடுத்திருக்கிறது. வெட்டினவர் கை நிதானம் தையற்காரருக்கு வராது. ஆனால் பக்கத்தில் நிற்கும் மூத்தவர் தோளில், உடம்பில்லாத ஒரு கை மட்டும் விரல் மோதிரத்தோடு அப்படியே கிடந்தது.

‘இடமிருந்து வலம்’ என்று சீட்டு எழுத வேண்டியவள் நான். “இந்தக் கை யாருதுங்க?” என்று கேட்டேன். அந்தம்மா முந்தானையால் படத்தின் தூசியைத் துடைத்தபடியே சொன்னார்: “அது எங்க சின்ன மாமனாரு. பேக்டரியைப் பிரிக்கும்போதே போட்டோவையும் பிரிச்சாச்சு. கை எங்க பங்குக்கு வந்தது.”

ஆள் இருக்கிறார்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சுப்பையா என்று ஒரு மில் தொழிலாளி, ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் ஸ்டூடியோவில், ஸ்டூடியோக்காரரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் அவரிடம் இருந்தது. தருகிறேன் என்றார், ஆனால் சுவரில் மாட்டக்கூடாது என்றார். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள் ஆல்பத்தில் இருப்பார்கள்; சுவரில் மாட்டினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். கண்காட்சி என்றாலே சுவர்தான் என்று நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: படத்துக்குக் கீழே ‘ஆள் இருக்கிறார்’ என்று நான் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் படத்தைத் தந்தார்.

கண்காட்சி திறப்பதற்கு மூன்று வாரம் முன்பு மனிதர் தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, மொட்டைத் தலையோடு அவருடைய மகன் காப்பகத்துக்கு வந்து நின்றார். நான் எழுந்து துக்கம் விசாரிக்க ஆரம்பித்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை: “அந்தச் சீட்டைக் கிழிச்சிருங்கம்மா. இனி தாராளமா மாட்டலாம்.”

சோழபுரத்து வீட்டுக் கன்னி

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. சோழபுரத்தில் குருவம்மா என்று ஒரு அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பருத்திக் காட்டில் கூலிக்குப் போகிறவர், தனி ஆள். அவருக்கு ஒரே மகள், பெயர் கனகவல்லி. கனகு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்பு, வெளியூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் போட்டோ கேட்டார்கள் என்பதற்காக, அக்கம்பக்கத்தில் தோடும் கொலுசும் வாங்கிப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த படம் அது. பின்னால் திரைச்சீலையில் அரண்மனைப் படிக்கட்டு. முன்னால் கனகு, கேமராக்காரரை ஏதோ கடன்காரரைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண் பிடிக்கவில்லை என்று போட்டோவைத் திருப்பி அனுப்பினார்கள். அது வந்து சேர்ந்த மாதமே காய்ச்சல் வந்து கனகு போய்விட்டாள்.

கல்யாணமாகாமல் போன பெண்ணை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுநாள் புதுப் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், பூ, பணியாரம் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். குருவம்மா அதைக் கனகுவின் போட்டோவுக்கு முன்னால் வைத்துச் செய்துகொண்டிருந்தார். சட்டத்துக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோனதால், பொட்டை நேராகப் படத்தின் நெற்றியிலேயே வைத்து வைத்து, அங்கே குங்குமம் ஒரு தடிப்பாகவே படிந்திருந்தது. தியாகராஜன் இந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் குதித்தார். அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண், அந்தக் காலத்து உடுப்பு, நகை. இது இல்லாமல் கண்காட்சியே இல்லை என்றார். நான்கு தடவை சோழபுரம் போனேன். நான்காம் தடவை குருவம்மா சம்மதித்தார்.

காப்பகத்தில் இரண்டு வகைப் படிவம் உண்டு. திருப்பித் தருவதற்கு ‘இரவல்’ படிவம்: மூன்று பிரதி, இரண்டு சாட்சி, தியாகராஜனின் கையெழுத்து. ஒரேயடியாகக் கொடுப்பதற்கு ‘கொடை’ படிவம்: ஒரே தாள், கீழே ஒரு கார்பன். அன்றைக்கு என் பையில் இரவல் படிவம் தீர்ந்திருந்தது. இன்னொரு தடவை வரவேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது, பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்துவிடுவார்கள், எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. எழுதப் போவதும் நான், திருப்பிக் கொடுக்கப் போவதும் நான், எந்தப் படிவமாக இருந்தால் என்ன என்று கொடைப் படிவத்தையே எடுத்துப் பூர்த்தி செய்தேன். பொருள் என்ற இடத்தில் ‘கனகவல்லி, சோழபுரம்’ என்று முத்து முத்தாக எழுதினேன். பெருவிரலை மையில் ஒற்றச் சொன்னேன், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். கார்பன் பிரதியைக் கையில் கொடுத்து, பொங்கலுக்கு முன்னால் நானே கொண்டுவந்து தருவேன் என்று சத்தியம் செய்தேன். குருவம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தாள்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது தாயி. ஒங்க மொகத்தைப் பாத்துத்தான் தாரேன்.”

மூன்றில் ஒன்று

படங்களின் உடல்நிலையைச் சோதிக்க, சென்னையிலிருந்து ஒரு நிபுணர் அம்மா வந்தார். வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி. எங்கள் வீட்டு மாம்பழத்தைக்கூட நான் அவ்வளவு சந்தேகத்தோடு திருப்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு படமாகப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் பதிவேட்டில் எழுத வேண்டும். கனகுவின் படம் வந்ததும், உடைந்த சட்டத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, நெற்றியை உற்றுப் பார்த்தார். “சிவப்புக் கறை, எழுதுங்க” என்றார்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். அது கறை இல்லை, பொட்டு. அந்தத் தாய் முப்பது வருஷமாக வைத்து வருகிற பொட்டு என்றேன். “அப்ப முப்பது வருஷமாக் கெடுத்திருக்காங்க” என்றார். பொட்டு என்றே எழுதுகிறேன் என்று அடம்பிடித்தேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, அச்சடித்திருந்த கட்டங்களைக் கையுறை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்: “கறை, கிழிசல், பூஞ்சை. மூணுல ஒண்ணைச் சொல்லுங்க மேடம். பொட்டுக்குன்னு கட்டம் இல்லை.”

கயிறு

மார்கழியில் கண்காட்சி திறந்தது. சுவர் நிறைய செத்தவர்கள் படம் இருந்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். வத்திராயிருப்பிலிருந்து வேன் வைத்து வந்த ஒரு கூட்டம் வலம் வந்தது. யாரோ ஒரு புண்ணியவதி எல்லாப் படத்துக்கும் ஆளுக்கொரு கனகாம்பரம் வைத்துக்கொண்டே போனாள். கை மட்டும் மிஞ்சிய சின்ன மாமனாருக்கும் ஒன்று கிடைத்தது. ஒருவர் சூடம் ஏற்ற, தியாகராஜன் தண்ணீர் டம்ளரோடு ஓடினார். சாயங்காலத்துக்குள் படங்களுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று என்னையே எழுதித் தொங்கவிடச் சொன்னார்.

மறுநாள் குருவம்மா வந்தார். தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, மடியில் குங்குமச் சிமிழோடு. கனகுவின் படத்துக்குக் கீழே, நான் பெயரோடு எழுதியிருந்த சீட்டு மாறியிருந்தது. ‘கிராமத்து இளம்பெண், ராஜபாளையம் வட்டாரம்’ என்று டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். பெயர் போட்டால் அது ஒரு தனி ஆளாகிவிடுமாம். பண்பாட்டுக்குத் தனி ஆள் தேவையில்லையாம். குருவம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது அன்றைக்கு ஒரு புண்ணியம். அவர் நேராகப் போய்க் கையை நீட்ட, வாசற்காவலர் பேச்சியப்பன் குறுக்கே விழுந்து தடுத்தார். “தொடக்கூடாது ஆச்சி, எழுதிப் போட்டிருக்கு பாருங்க.” குருவம்மா அந்த அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிமிழை மூடி மடியில் செருகிக்கொண்டு பேச்சியப்பனிடம் கேட்டார்: “எழுதியிருக்கதெல்லாம் வந்தவியளுக்குச் சரிலே. பெத்தவளுக்குமா எழுதியிருக்கு?”

பிரிண்ட் மாதிரி

கண்காட்சி முடிந்த அன்றே படத்தைக் கேட்டேன். பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. தியாகராஜன் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “இது கொடை ஆச்சே” என்றார். நடந்ததைச் சொன்னேன்: படிவம் தீர்ந்தது, வெயில், என் அவசரம், எல்லாவற்றையும். பாவமன்னிப்புக் கேட்பவள் மாதிரி ஒன்று விடாமல் சொன்னேன். கொடையாக வந்த பொருளை வெளியே விட அறங்காவலர்கள் கூடித் தீர்மானம் போடவேண்டுமாம். அவர்கள் எப்போது கூடுவார்கள் என்று அவருக்கே தெரியாதாம். அன்று முதல் தினமும் கேட்டேன். அழுதும் கேட்டேன், நான் அழுது என் கணவர்கூடப் பார்த்ததில்லை.

பொங்கல் வந்தது, போனது. மாசி மாதம் தலைமையிடத்திலிருந்து கடிதம்: ஸ்ரீவில்லிபுத்தூர்க் காப்பகத்தை மூடுகிறார்கள், கொடைப் பொருள்கள் சென்னைக்குப் போகின்றன. பெட்டிகளை லாரியில் ஏற்றிய காலையில் வாசலில் மறித்து நின்று, அந்தப் படிவம் நான் தப்பாக எழுதியது என்று இப்போதாவது ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். தியாகராஜன் கெட்டவர் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார்: “தப்புன்னு யார் நம்புவாங்க மேடம்? ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, பிரிண்ட் மாதிரி இருக்கு.”

சொல்லப் போனது

அன்றைக்கே சோழபுரம் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்ததையும் உங்களிடம் மறைக்கவில்லை. குருவம்மா விறகுக்குப் பருத்தி மார் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண், என் பைக்குத்தான் முதலில் போனது. படம் சென்னைக்குப் போய்விட்டது, என் தப்புதான் என்றேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. கடைசிக் கட்டையும் வைத்து முடித்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பொண்ணு பிடிக்கலைன்னு சொன்னவன்கூட போட்டோவைத் திருப்பிக் குடுத்துட்டான் தாயி.”

யார் வீட்டு முருகனோ

சென்னைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். மாதம் ஒன்று. பதிலும் வரும், ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது’ என்று. ஒரே வாசகம்; கீழே கையெழுத்து மட்டும் மாறிக்கொண்டே வரும். இது உதவாது என்று தெரிந்ததும் வேறு வழி யோசித்தேன். படத்துக்கு நெகடிவ் என்று ஒன்று இருந்திருக்குமே! கனகுவைப் படம் எடுத்த ஸ்டூடியோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னமும் இருந்தது. எடுத்தவருடைய மகன் நடத்திக்கொண்டிருந்தார். இதை முன்பே யோசிக்காத என் கான்வென்ட் மூளையை நொந்துகொண்டே போனேன்.

அந்தக் காலத்தில் நெகடிவ் எல்லாம் கண்ணாடித் தகட்டில்தான் என்றார் அவர். நல்ல கெட்டிக் கண்ணாடி. ஒரு அறை முழுக்க அடுக்கி வைத்திருந்தார்களாம். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பிறகு தொழில் படுத்தபோது, அப்பா படத்துக்குச் சட்டம் போடும் வேலையும் சேர்த்துப் பார்த்தாராம். சட்டத்துக்குக் கண்ணாடி வேண்டுமே. வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் உருவம் கழன்று வந்துவிடுமாம். கண்ணாடி புதுசு மாதிரி ஆகிவிடுமாம். ஒன்றுகூட மிச்சமில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிப்போய், மனிதர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். ஆறுதல் என்று நினைத்துத்தான் இதையும் சொன்னார்: “வருத்தப்படாதீயக்கா. எல்லாம் சாமி படத்துக்குத்தான் போச்சு. அந்தப் புள்ளை இப்ப யார் வீட்டு முருகனுக்குக் கண்ணாடியா இருக்கோ!”

நகல்

ஏழு வருஷம் கழித்து, நான் கடிதம் எழுதுவதையே நிறுத்தியிருந்த ஒரு நாளில், சென்னையிலிருந்து பெரிய உறை ஒன்று வந்தது. தீர்மானம் கிடைக்கவில்லை, ஆனால் பெரிய மனதோடு ஒரு நகல் அனுப்பியிருந்தார்கள். கனகுதான். பளபளவென்று, கீறல் இல்லாமல், அதே முறைப்போடு. நெற்றி மட்டும் துடைத்துவிட்ட பலகைபோல வெறிச்சென்று இருந்தது. கறையை எடுத்துவிட்டார்கள். பின்பக்கம் திருப்பினேன். ஒரு எண், ‘கிராமத்து இளம்பெண்’ என்ற முத்திரை, அவ்வளவுதான். ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கிறதே என்று, சட்டம் போட்டு, பொங்கலுக்கு மறுநாள் சோழபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் படையல் போட்டிருந்தது. பாவாடை தாவணி, வளையல், பணியாரம், எல்லாம் முறைப்படி. சுவரில், பழைய இடத்திலேயே, கண்ணாடி இல்லாத ஒரு சட்டம் தொங்கியது. பூ சாத்தியிருந்தது. படம்தான் இல்லையே, எதை மாட்டியிருக்கிறார் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். சட்டத்துக்குள் இருந்தது ஒரு தாள். கொடைப் படிவத்தின் கார்பன் பிரதி. ‘கனகவல்லி, சோழபுரம்’ என்ற என் எழுத்து. அதற்குக் கீழே அச்சடித்த வரி: ‘இப்பொருளை மனமுவந்து அளிக்கிறேன், இதன்மேல் எனக்கோ என் சந்ததிக்கோ இனி எவ்வித உரிமையும் இல்லை.’ அதற்கும் கீழே, சுழித்துப் போட்ட என் கையெழுத்து. ஊரில் யாரோ ஒரு டீச்சர் படித்துக் காட்டி, இதில் உன் மகள் பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பெயர் எந்த இடம் என்பதை மட்டும் குருவம்மா சரியாகப் பிடித்து வைக்கவில்லை. ஏழு வருஷத்துக் குங்குமமும் என் கையெழுத்தின்மேல் படிந்திருந்தது.

இடம் தப்பு என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. கொண்டுபோன நகலை நீட்டினேன். குருவம்மா வாங்கி, வெளிச்சத்துக்குப் போய், ரொம்ப நேரம் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். வெறும் நெற்றியை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடிக்கு அடியில் என்ன அகப்படும்? இதில் அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார். சட்டத்தைக் கொடியில் கிடந்த துண்டால் துடைத்து, ஒரு பணியாரத் தட்டையும் சேர்த்து என்னிடமே கொடுத்தார். “நெத்தியும் வெறிச்சுன்னு கெடக்கு, பேரும் இல்ல. இவ யாரு பெத்த புள்ளையோ, நீங்களே வச்சுக்கோங்க தாயி. எனக்கு இந்தா, எங் கனகு இருக்கா.”

கான்வென்ட்டில் என் கையெழுத்துக்கு வருஷா வருஷம் பரிசு கொடுத்தார்கள். மாலை போட்டுப் பொட்டு வைத்தது சோழபுரத்தில்தான், நான் இன்னும் உயிரோடு இருக்கும்போதே.